கலயத்தின் உள்வெள்ளை

உவரி, குட்டம், இடையன்குடி வட்டாரத்துச் செம்மணல் தேரிக்காட்டில் மாசி தொடங்கி ஆடி வரை பனையேறிகள் கலயம் கட்டுகிறார்கள். பாளை ஒன்றுதான், அதைச் சீவும் அரிவாளும் ஒன்றுதான். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பயினி, அதாவது பதநீர்; தடவாவிட்டால் கள். குமரிப் பக்கம் போனால் அதே பயினிக்கு அக்கானி என்று பெயர். 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ள தமிழ்நாட்டில் சட்டமும் இந்த வெள்ளைப் பூச்சையே எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. ஒரு விரல்தடம் சுண்ணாம்பை நம்பி இவ்வளவு காரியம் நடக்கிறது. அந்தச் சுண்ணாம்பு எதைச் சாதிக்கிறது, எங்கே தோற்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பாளையின் வெட்டுவாயில் சொட்டும் சாறு கிட்டத்தட்ட நடுநிலையானது. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றில் மிதக்கும் ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் அது விருந்து. மாலையில் கட்டிய கலயம் விடியும்வரை மரத்தில் தொங்குகிறது. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் சாறு புளிக்காமல் இருக்கக் காரணம் சுண்ணாம்பின் காரம். நிறைசுண்ணாம்புத் தெளிநீரின் பிஎச் அளவு 12.4. பயினியில் அது அவ்வளவு ஏறுவதில்லை என்றாலும், நுண்ணுயிர்களின் வேகம் மட்டுப்படும் அளவுக்கு ஏறுகிறது.

இதைவிட எளிய, மலிவான காப்பு முறை உலகில் அதிகம் இல்லை என்பதே என் எண்ணம். கடற்கரையில் கிடைக்கும் சிப்பியைக் காளவாயில் சுட்டு நீற்றினால் போதும். மின்சாரம் வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம். வேறு வழிகளும் உண்டு. இலங்கையில் கித்துள் பனையின் சாறு புளிப்பதைத் தள்ளிப்போட ஹல் மரப்பட்டைத் துண்டுகளைப் போடுவார்கள். காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னஞ்சாற்றைச் சுண்ணாம்பே இல்லாமல் இறக்க, பனிக்கட்டி வைத்த பெட்டியை உருவாக்கியது. நல்ல முறைதான். ஆனால் ஒரு நாளில் பல பனைகள் ஏறி இறங்குகிறவர் மரத்துக்கு மரம் பனிக்கட்டி தூக்கிக்கொண்டு போக முடியாது.

குறை சுண்ணாம்பில் இல்லை. சுண்ணாம்பின் தலையில் நாம் ஏற்றும் வேலையில் இருக்கிறது. வீட்டிலேயே பியரும் ஒயினும் வடிக்கும் மேல்நாட்டார் முதலில் கற்றுக்கொள்வது, கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு என்பதைத்தான். அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து அழுக்கின் அடியில் இருக்கும் கிருமியைத் தொடாது. கலயத்துக்கும் இதுதான் நியாயம். நேற்றைய சாறு கலயத்தின் உட்புறத்தில் பிசுக்காக ஒட்டிக் காய்ந்திருக்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் மேலே புதுச் சுண்ணாம்பு இழுத்தால், பிசுக்குக்கு வெள்ளையடித்ததாகத்தான் ஆகும். பழைய சுண்ணாம்புப் படலமோ காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி வெறும் சுண்ணக்கட்டியாக மாறிவிடுகிறது. பார்வைக்கு வெள்ளை, காரம் போய்விட்டது. சொரசொரப்பான அந்தப் பொருக்கு நுண்ணுயிருக்கு ஒளிவிடமாகிறது. இதனால்தான் அனுபவசாலிகள் கலயத்தைப் பார்த்து நம்புவதில்லை, முகர்ந்து பார்க்கிறார்கள்.

அந்தப் பிசுக்கின் விளைவு, பயினி காய்ச்சும் குடிசையான விடிலியில் தெரியும். லேசாகப் புளிக்கத் தொடங்கிய பயினியில் சர்க்கரை உடைந்து, கட்டியாகாத எளிய சர்க்கரைகளாகப் பிரிந்துவிடும். என்னதான் காய்ச்சினாலும் பாகு பதத்துக்கு வராது. சிரட்டையில் ஊற்றினால் இளகி நிற்கும். எட்டுப் பத்து லிட்டர் பயினிக்கு ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும் தொழிலில், ஒரு தாச்சிப் பாகு வீணானால் ஒரு நாள் வீண். பாகை நிறுத்த ஒரு கை சீனி போடும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. சீனிக் கலப்புக்கு வியாபார லாபமே பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் கழுவாத கலயமும் அதற்கு ஒரு வாசல் திறக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

புளித்துவிடுமோ என்ற பயத்தில் சுண்ணாம்பை அள்ளி அப்புவது எதிர்ப்பக்கத்துப் பிழை. வெறும் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு கிராம்கூடக் கரையாத சுண்ணாம்பு, சர்க்கரைச் சாற்றில் கூடுதலாகக் கரையும். பயினி நாக்கை அரிக்கும், கருப்பட்டி கறுக்கும். பிறகு அந்தச் சுண்ணாம்பை முறிக்க சூப்பர் பாஸ்பேட் போடுகிறார்கள். உணவுத் தரத்தில் அளந்து போட்டால் அது ஏற்கத்தக்க முறை. உரக்கடையில் வாங்கும் மூட்டை வயலுக்கானது. ஃபுளோரைடும் காட்மியமும் அதில் ஒட்டியிருக்கலாம். ஒரு கலயத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்ற கைக்கணக்கு மூத்தவர்களிடம் இருக்கிறது. அதை எடைபோட்டு எழுதிவைத்து இளையவர்களுக்குக் கொடுத்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும்.

கலயத்தின் வாய் திறந்திருப்பது இன்னொரு பலவீனம். வங்கதேசத்தில் ஈச்சஞ்சாற்றை வௌவால்கள் நக்கியதால் நிபா வைரஸ் மனிதருக்குப் பரவியது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அங்கே மூங்கில் தட்டியால் பாளையையும் கலயத்தையும் மூடும் பழக்கத்தை ஊக்குவித்தார்கள். வௌவால் பனைக்கும் வரும். நம் கலயத்துக்கும் ஓலையாலோ வலையாலோ ஒரு மூடாக்கு வேண்டும்.

இப்போது மண்கலயத்தின் இடத்தில் பிளாஸ்டிக் வருகிறது. உடையாது, எடை குறைவு. ஏறுகிறவரின் முதுகுக்கு நல்லது என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வழவழப்பான சுவரில் சுண்ணாம்பு சரியாகப் பிடிப்பதில்லை. மணல் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும்; கீறலுக்குள் பிசுக்கு குடியேறும். மண்கலயத்தை வெயிலில் காயவைக்கலாம், அனலில் வாட்டலாம். பிளாஸ்டிக்கைக் கொதிநீரில்கூடத் துணிந்து போட முடியாது. பிளாஸ்டிக்தான் என்றால் மணலைத் தொடாமல் மென்மையான நாரால் தேய்த்து, கீறல் விழுந்த கலயத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

கழுவச் சொல்வது சுலபம். தேரியில் தண்ணீர் எங்கே இருக்கிறது? மரத்தடிக்குக் குடத்தில் சுமந்து வந்தால்தான் உண்டு. அந்தச் சுமை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில் ஏறுகிறது. தண்ணீர் செய்ய வேண்டிய வேலையைச் சுண்ணாம்பு செய்கிறது என்றால், காரணம் சோம்பல் அன்று, தூரம்.

அந்தத் தூரம் கண்ணையும் கெடுக்கும். இடுப்பில் சுண்ணாம்போடு ஏறுகிறவர், கடல்காற்று வீசும் உச்சியில் அண்ணாந்தபடி வேலை செய்கிறார். ஒரு துளி தெறித்தால் போதும். காரம் கண்ணின் வெளித்திரையைத் தாண்டி உள்ளே இறங்கும், அமிலத்தைவிட மோசமாக. சுண்ணாம்புத் துணுக்கை அகற்றி, உடனே, இருபது முப்பது நிமிடம் விடாமல் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதன் பிறகே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதற்கு மரத்தடியில் மூடியிட்ட ஒரு கேன் நல்ல தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். கலயம் கழுவக் கொண்டுவரும் தண்ணீரோடு சேர்த்து இதையும் தேரிவரை கொண்டுவந்து தர, பதநீர் வாங்கும் சங்கங்களோ ஊராட்சியோ ஒரு வண்டி விட்டால் போதும்.