தோலுக்குள் போகும் தோல்

போத்தனூரிலிருந்து பஸ்ஸில் கோவைக்குப் போகிற வழியில் ஒரு விளம்பரப் பலகை. ஒரே பெண்ணின் முகம் இரண்டு பாதியாக. ஒரு பாதியில் கோடுகள், மறு பாதி வழவழவென்று. அரைமணி நேரத்தில் பத்து வயது குறையுமாம். என் அம்மிச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது, எழுத்து தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன் அம்முணி, அந்தப் பொம்பளைக்குப் பாதி மூஞ்சிலதான் வெயில் பட்டுச்சா?"

அவள் கேள்வியிலிருந்தே இந்தப் பலகையை வாசிக்கலாம். ஃபில்லர் ஊசி என்கிறார்கள். போடாக்ஸ் தசையை அசையவிடாமல் தடுப்பது; இது வேறு. தோலுக்கடியில் கொலாஜன் என்கிற புரத நார் வயதாக ஆகக் குறைகிறது. வெயிலின் புற ஊதாக்கதிர் அதைச் சீக்கிரமே சிதைத்துவிடுகிறது. பள்ளம் விழுந்த இடத்தில் ஹயலுரானிக் அமிலக் கூழை ஏற்றி மேடாக்குகிறார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம் நிற்கும். கரைந்தால் மறுபடி ஊசி. ஊசிக்குழல் ஒன்றுக்கு 15,000 ரூபாய்க்கு மேலும் ஆகிறது. கூழ் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்தால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகலாம், பார்வையே போகலாம். பலகையில் இதெல்லாம் இல்லை. வெயிலும் இல்லை.

இன்னொன்றும் இல்லை. 1981இல் அமெரிக்க அரசு அனுமதித்த முதல் கொலாஜன் ஊசி மாட்டுத்தோலிலிருந்து எடுத்தது. ஹயலுரானிக் அமிலத்தை 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் முதலில் பிரித்தெடுத்தது மாட்டின் கண்ணிலிருந்து. பிறகு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். ஆக, சீமாட்டிகளின் கன்னத்துக்குள் மாட்டுத்தோலும் போயிருக்கிறது. ஆய்வுக்கூடத்து வழியாகப் போனால் அதற்குப் பெயர் மருத்துவம். கொங்கு மண்ணில் எங்கள் பாட்டன்மார் அதே தோலைத் தொட்டதற்குப் பெயர் சாதி. செருப்பும் வாரும் கவலை இறைக்கத் தோல்பறியும் தைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். தோல்பறியில் இறைத்த தண்ணீர் தீட்டாகவில்லை, அதில் விளைந்த சோளம் தீட்டாகவில்லை. தைத்துக் கொடுத்தவன் கிணற்றில் இறங்கினால் மட்டும் கிணறு தீட்டு. தீட்டு ஒருநாளும் தோலில் இருந்ததில்லை. அதை உரித்துப் பதப்படுத்திய கையின்மேல் ஏற்றி வைத்தார்கள்.

இதோடு முடித்தால் வசதியாக இருக்கும். ஆனால் நம் பக்கமும் ஒரு பலகை இருக்கிறது. சிறுபத்திரிகை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு கிழவி, முகமெல்லாம் கோடு. ஊர் இல்லை, பேர் இல்லை. உள்ளே ஒரு கவிதை, அந்தக் கோடுகள்தான் எங்கள் வரலாறு என்று. நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். கிளினிக் சுருக்கத்தை அழித்துக் காசு பார்க்கிறது. நாம் சுருக்கத்தைக் காட்டி இலக்கியம் பார்க்கிறோம். அது எப்படி வந்தது என்று இரண்டு பேருமே கேட்பதில்லை.

போன வருஷம் நண்பர் ஒருவர் அட்டைக்காக அம்மிச்சியைப் படம் எடுக்க வந்தார். அழுக்குச் சேலையோடு வாசலில் அப்படியே இருக்கச் சொன்னார். அவள் கேட்கவில்லை. உள்ளே போய்த் தலை சீவி, என் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். "சிரிக்க வேண்டாங்க பாட்டி" என்றார் அவர். வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அந்தப் படம் அட்டையில் வரவில்லை, 'இயல்பாக' இல்லையாம். "இந்தச் சுருக்கத்துல என்ன கண்ணு அழகு இருக்குது? பல்லுப் போச்சு, கன்னம் ஒட்டிப்போச்சு. முப்பது வருசம் வெயில்ல குப்பை அள்ளுனது. கையுறைகூடக் குடுக்கல" என்றாள் என்னிடம்.

இதுதான் சுருக்கத்தின் வரலாறு. வெயில், பல்லில்லாத வாய், பத்தாத சோறு, கொடுக்காத கையுறை. இதில் விதியும் இல்லை, கவித்துவமும் இல்லை. எல்லாருக்கும் வயதாகும். ஆனால் ஐம்பதில் எழுபதாகத் தெரிவது எல்லாருக்கும் நடப்பதில்லை.

ஊசி போட்டுக்கொள்கிற பெண்ணைக் கேலி செய்ய நான் வரவில்லை. முகத்தைப் பார்த்து வேலை கொடுக்கிற இடங்களில் அவளுக்கும் பயம் இருக்கும். நல்லா இருக்கணும் என்கிற ஆசை அம்மிச்சிக்கும் இருக்கிறது. அந்த ஆசையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, நீ இப்படியே இருந்தால்தான் தலித் என்று சொல்கிற அழகியல், சேரியில் ஜாக்கெட் போடக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்று சொன்னவன் அழகியலிலிருந்து எவ்வளவு தூரம்?

தலித் அழகியல் பேசுகிற தோழர்களுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த அட்டைக்குப் படம் எடுக்கும்போது அந்தக் கிழவியிடம் எந்தச் சேலை கட்டிக்கொள்கிறாய் என்று முதலில் கேளுங்கள். அவள் பேரைப் போடலாமா என்று கேட்டுப் போடுங்கள். அம்மிச்சி இப்போது கேட்பது பல்செட்டு. அதற்குத்தான் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.