தோளில் தகடு, கழுத்தில் தங்கம்

டோக்கியோ ஒலிம்பிக் மவுண்டன் பைக் பந்தயத்துக்கு எட்டு வாரம் மட்டுமே மிச்சமிருந்தது. 2021 மே மாதக் கடைசியில், ஆண்டோராவில் பயிற்சியில் இருந்த டாம் பிட்காக் மீது கார் மோதியது. காறை எலும்பு பல துண்டாக உடைந்தது. அறுவை சிகிச்சை செய்து தகடு பொருத்தினார்கள். ஜூலை 26 அன்று ஜப்பானின் இசு மலைப்பாதையில் முதலாவதாக வந்து தங்கம் வென்றார் அந்த 21 வயது பிரிட்டன் வீரர். சுவிட்சர்லாந்தின் மத்தியாஸ் ஃப்ளூக்கிகர் அவருக்கு 20 விநாடி பின்னால்.

இதை மன உறுதியின் கதையாக மட்டும் சொல்லி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உறுதி இருந்தது, காயம் ஆறுவதற்குள் வீட்டுக்குள் நிறுத்திய சைக்கிளில் மிதித்ததும், ஜப்பானின் வெயிலுக்கு உடலைப் பழக்கச் சூடேற்றிய கூடாரத்துக்குள் பயிற்சி செய்ததும் சாதாரண வேலையல்ல. ஆனால் அவர் ஏறியிருந்த வண்டியின் வடிவத்தையும் பேச வேண்டும்.

கையை உடலோடு இணைக்கும் ஒரே எலும்புப் பாலம் காறை எலும்பு. செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடித்தால் உடல் முன்னே சரியும். அந்தப் பாரம் உள்ளங்கையில் தொடங்கி முழங்கை, தோள் வழியாக வந்து விழும் இடம் அதுதான். தகடு வைத்த தோளோடு இறங்குகிறவருக்கு, கைகளில் எவ்வளவு எடை ஏறுகிறது என்பதே முதல் கவலை. அதில் பெரும்பங்கை ஃபிரேமின் கோணங்கள் தீர்மானிக்கின்றன.

1990களில் இவ்வகைப் பந்தயத்துக்கான கிராஸ் கன்ட்ரி வண்டிகளில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் தரையோடு ஏறத்தாழ 71 டிகிரியில் நிமிர்ந்து நிற்கும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மும் நீளம். மேடேற அது வசதி. இறங்கும்போது முன்சக்கரம் பள்ளத்தில் மாட்டினால் மார்பு ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய்விடும், மொத்த எடையையும் கைகளே வாங்க வேண்டும். இன்றைய பந்தய வண்டிகளில் ஃபோர்க் 67, 68 டிகிரி அளவுக்குச் சாய்ந்துவிட்டது. ஃபிரேம் நீண்டு, ஸ்டெம் குட்டையாகியிருக்கிறது. முன்சக்கரம் தள்ளி நிற்பதால், ஓட்டுபவர் இரு சக்கரங்களுக்கும் நடுவே பெடல்மேல் எழுந்து நின்று இறங்க முடிகிறது. பாரத்தைக் கால்கள் வாங்கிக்கொள்கின்றன. 29 அங்குலச் சக்கரமும் பின்பக்க சஸ்பென்ஷனும் கற்களின் அடியைக் குறைக்கின்றன. இதற்கு விலையும் உண்டு: சாய்ந்த ஃபோர்க் மேட்டில் அலைபாயும். அதைச் சரிக்கட்ட சீட் குழாயை நிமிர்த்தி, ஓட்டுபவரை முன்னே உட்கார வைக்கிறார்கள்.

பிட்காக்கின் அப்போதைய அணிக்கு வண்டி தந்தது பினரெல்லோ. இசுவில் அவர் ஓட்டியதோ பெயர் மறைக்கப்பட்ட பிஎம்சி ஃபோர்ஸ்ட்ரோக். விளம்பர ஒப்பந்தத்தைவிட ஓடும் பாதைக்கு ஏற்ற ஃபிரேம் முக்கியம் என்ற அந்த முடிவைப் பாராட்டுகிறேன். பல அணிகளுக்கு இன்றும் அந்தத் துணிச்சல் இல்லை.

ஃபிரேமால் ஆகாததும் அதே பந்தயத்தில் தெரிந்தது. முதல் சுற்றிலேயே சக போட்டியாளர் மாத்யூ வான் டெர் போல், பயிற்சியின்போது சரிவுப் பலகை இருந்த ஒரு பாறை இறக்கத்தில், அது எடுக்கப்பட்டதை அறியாமல் இறங்கித் தலைகுப்புற விழுந்தார். தொடர்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு விலகினார். அந்த வீழ்ச்சியை எந்தக் கோணமும் தடுத்திருக்காது. மேட்டில் எழுந்து நின்று ஹேண்டில்பாரை இழுத்து மிதிக்கும்போது தோளில் விழும் சுமையையும் வடிவமைப்பாளரால் குறைக்க முடியாது.

அதனால்தான் பிட்காக்கின் தங்கத்தைக் காட்டி, அடிபட்ட இளம் வீரர்களை “நீயும் ஓட்டு” என்று உசுப்புவதைப் பார்த்தால் கோபம் வருகிறது. தகடு பிடித்த எலும்பை எக்ஸ்ரேயில் பார்க்கலாம். அறுவை செய்த மருத்துவர் அதன் பலத்தைக் கணித்துச் சொல்லலாம். ஆனால் தலையில் அடிபட்டு மூளை குலுங்கினால் ஸ்கேனில்கூடப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வீரரே “நன்றாக இருக்கிறேன்” என்பார், நம்பவும் செய்வார். அங்கே வீரரின் சம்மதமோ அணி மேலாளரின் அவசரமோ செல்லக் கூடாது. வண்டியைப் பிடுங்கி வைக்கும் அதிகாரம் மருத்துவருக்கு இருக்க வேண்டும், அது ஒலிம்பிக் இறுதிப் பந்தயமாக இருந்தாலும்.