அலை கிடைத்தது, வாத்தியம் எங்கே?

பழைய மிடி ஒலி வங்கியைப் பிரித்து, உள்ளிருந்த சாம்பிள்களை வேவ் கோப்புகளாகக் கொட்டிவைப்பவர்களுக்கு இன்று பாராட்டு எளிதாகக் கிடைக்கிறது. உழைப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் கோப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டே வெற்றியை அளக்கும் வழக்கம் இந்தத் துறையின் அளவுகோலைக் கெடுத்திருக்கிறது. ஓர் அலை எந்தச் சுருதியில் பதிவானது, எங்கே சுழலத் தொடங்குகிறது, விசையின் வேகத்துக்கு எப்படி மசிகிறது, விரலை எடுத்ததும் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்ற விதிகளும் சேர்ந்தால்தான் அது வாத்தியம். பிரித்தெடுப்பை எடைபோட வேண்டிய இடம் இதுவே: விதிகளில் எத்தனை உயிரோடு வெளியே வந்தன?

எளிதான வங்கியில் தொடங்கலாம். விண்டோஸுக்குள் 1990களிலிருந்தே இருந்துவரும் ஜிஎம்.டிஎல்எஸ் 3,440,660 பைட் கொண்ட கோப்பு. ரோலண்ட் நிறுவனத்தின் ஒலிகள், 495 அலைகள். அதன் டிஎல்எஸ் வடிவம் வெளிப்படையாக ஆவணப்படுத்தப்பட்ட தரம். இங்கே உடைக்க வேண்டிய பூட்டு எதுவும் இல்லை. இருந்தும் பலர் சறுக்குகிறார்கள். சுருதியும் சுழற்சியும் பற்றிய தகவல் அலையோடும் இருக்கலாம், அந்த அலையைப் பயன்படுத்தும் விசைப்பகுதியோடும் இருக்கலாம். இரண்டும் இருந்தால் விசைப்பகுதி சொல்வதே செல்லும். அலையை மட்டும் படிக்கும் கருவி இந்த மேலுரிமையைத் தவறவிடும். விளைவு: தனியாகக் கேட்டால் குறையில்லாத ஒலி, ஸ்வர வரிசை வாசித்தால் அங்கங்கே பிசகும் சுருதி. இதே கோப்பிலிருந்து கச்சா அலையை உருவி நான்கு கிலோபைட் நிரல்களுக்கு இசையமைக்கும் டெமோ கலைஞர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பியானோவை மீட்டதாக அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை.

1992இல் வந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் ஒலி அட்டையின் பேட் கோப்புகள் இன்னும் திறந்த மனம் கொண்டவை. ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு பைட்டில் எட்டு பிட்கள்: 16 பிட்டா, குறியற்றதா, சுழல்கிறதா, முன்னும் பின்னுமாகச் சுழல்கிறதா என்று எல்லாம் அதிலேயே. சிக்கல் சேருமிடத்தில் வருகிறது. சவுண்ட்ஃபான்ட் 2 வடிவத்தில் முன்பின் சுழற்சி கிடையாது. பொறுப்பான மாற்றி அந்தச் சுழற்சியை விரித்து, திரும்பும் பாதையையும் அலையாக எழுதிவைக்கும். பொறுப்பற்றது அந்தச் சுழற்சியைக் குறிக்கும் பிட்டை மட்டும் கைவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சொடுக்குச் சத்தத்தை நமக்கு விட்டுச்செல்லும்.

சவுண்ட்ஃபான்டே ஒரு தனி வழக்கு. இ-மியூவும் கிரியேட்டிவும் வெளியிட்ட விவரக்குறிப்பு, ஒலித்தணிப்பைச் சென்டிபெல்லில் கொடுக்கச் சொல்கிறது. அவர்களுடைய சிப்போ அந்த எண்ணில் பத்தில் நான்கு பங்கையே செயல்படுத்தியது. வங்கிகளை உருவாக்கியவர்கள் ஆவணத்தைப் பார்த்து அல்ல, அந்தச் சிப் இருந்த ஒலி அட்டையைக் காதால் கேட்டுத்தான் எண்களை இட்டார்கள். எனவே ஆவணத்துக்குக் கீழ்ப்படிந்த மென்பொருளில் சமநிலை குலைந்தது. ஃப்ளூயிட்சின்த் என்ற மென்பொருள் 0.4 என்ற அந்தப் பெருக்கியைத் தானும் ஏற்றுக்கொண்டது. சரியான முடிவு என்றே கருதுகிறேன்: இங்கே மூலபாடம் காகிதம் அல்ல, சிப். எழுதிய தரத்தை விட்டு நடைமுறையைப் பின்பற்றினால் தர ஒழுங்கு தளரும் என்பார் உண்டு. புதிய வங்கிகளுக்கு அந்த வாதம் பொருந்தும், பழையவற்றுக்குப் பொருந்தாது.

உண்மையான சோதனை ரோலண்டின் வன்பொருளில்தான். 1987இன் எம்டி-32 ஒலிக்கருவியில் சாம்பிள்களுக்கான ரோம் 512 கிலோபைட். 16 பிட், 32,000 ஹெர்ட்ஸ் என்று கணக்கிட்டால் எட்டு நொடிக்குச் சற்றே கூடுதலான ஒலி. பிட்கள் வரிசை மாற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. மதிப்புகள் நேர்கோட்டில் இல்லாமல் மடக்கையில் இருக்கின்றன. வரிசையைச் சரிசெய்து மடக்கையை அவிழ்த்தாலும் கிடைப்பது பெரும்பாலும் துணுக்குகளே: ஒரு தட்டல், ஒரு மூச்சு, ஒரு மீட்டல். தொடக்கத்தைச் சாம்பிளும் நீட்சியைச் செயற்கை அலையும் பகிர்ந்துகொள்வதுதான் அந்தக் கருவியின் அடிப்படை. அதிலிருந்து வேவ் எடுத்து எம்டி-32 தொகுப்பு என்று பெயரிடுவது பிழையான உரிமைகோரல்.

எம்டி-32ஐ மென்பொருளில் போலிசெய்யும் மீளியக்கியான மண்ட் இதைப் புரிந்துகொண்ட பணி. மடக்கையை உடனே அவிழ்க்காமல் சிப்பைப் போலவே அந்தத் தளத்திலேயே ஒலி அளவைக் கூட்டிக் கணக்கிட்டுப் பிறகே மாற்றுகிறது. குறியாக்கம் ஏன் அப்படி இருந்தது என்பது அதன் மூல நிரலைப் படிப்பவருக்கு விளங்கிவிடும். குறையும் அதே இடத்தில்: கட்டுப்பாட்டு ரோமிலிருந்து அட்டவணைகளை எடுத்துக்கொண்டு, தர்க்கத்தைத் தானே புதிதாக எழுதியதால், மூல இயந்திரத்தின் ஒவ்வொரு கோணலையும் ஒருவர் கண்டுபிடித்துச் சேர்த்தால்தான் உண்டு.

நியூக்டு-எஸ்சி55 என்ற மீளியக்கி எதிர்வழி. 1991இன் சவுண்ட் கேன்வாஸ் எஸ்சி-55இல் இருந்த ஹிட்டாச்சி செயலியையும் ஒலிச் சிப்பையும் போலிசெய்து, ரோலண்டின் நிரலையே ஓடவிடுகிறது. அலை ரோமில் இருப்பது முழு மதிப்புகள் அல்ல, வேறுபாடுகள். ஒரு தொகுதி பைட்களுக்கு ஒரு பொதுப் பெருக்க அடுக்கு. இதை எட்டு பிட் ஒலி என்று நேரடியாகத் திறப்பவருக்கு இரைச்சலே மிஞ்சும். சுழற்சி முழுதிலும் வேறுபாடுகளின் கூட்டுத்தொகை பூஜ்யமாகாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அலை நடுக்கோட்டிலிருந்து நகர்ந்துகொண்டே போகும். அதனால் சுழற்சிப் புள்ளியை ஒரு சாம்பிள் தவறவிட்டாலும் காது கண்டுபிடித்துவிடும். ஒலியின் மெய்ம்மையில் இந்த மீளியக்கிக்கு இணை சொல்வது கடினம். ஆனால் விசைவேகம் வடிகட்டியை எப்படித் திறக்கிறது என்ற கேள்விக்கு விடை இன்னும் ரோலண்டின் நிரலுக்குள்தான். மீளியக்கி அதை நிறைவேற்றுகிறதே தவிர விளக்கவில்லை.

ஆகவே, கேட்பதற்கு நியூக்டு-எஸ்சி55. குறிவிலக்கம் என்ற சொல்லுக்கு உரிய முதலிடம், அதன் குறைகளோடு சேர்த்தே, மண்டுக்கு. எஸ்சி-55 என்ற பெயர் தாங்கி வரும் சவுண்ட்ஃபான்ட்களைப் பயன்பாட்டு வசதிக்காக ஏற்கலாம். வடிகட்டி, தேய்வு, எதிரொலி ஆகியவற்றில் எவை மூலத்தின் எண்கள், எவை தொகுத்தவரின் காது அனுமானம் என்று உடன்வரும் குறிப்பிலேயே பிரித்துச் சொல்லாத எதையும் மூலத்துக்குச் சான்றாக ஏற்பதற்கில்லை.