குற்றப்பதிவிலிருந்து கோயில் வரை: அமெரிக்கக் கண்டங்களில் ஆப்பிரிக்கச் சமயங்கள்

ரியோ டி ஜெனீரோ காவல்துறையிடம் பல பத்தாண்டுகளாக ஒரு விசித்திரமான சேகரிப்பு இருந்தது. மேளங்கள், பாசிமணி மாலைகள், தெய்வ உருவங்கள், பூசை உடைகள் என ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்கள். ஆப்பிரிக்க வேர்கொண்ட கண்டோம்ப்ளே, உம்பண்டா சமயங்களின் வழிபாட்டு இடங்களில் புகுந்து போலீஸார் பறிமுதல் செய்தவை அவை. 1938இல் பிரேசில் அரசு அந்தச் சேகரிப்பைத் தேசியப் பாரம்பரியமாகப் பதிவு செய்தது. பதிவேட்டில் இருந்த பெயரோ 'பில்லிசூனிய அருங்காட்சியகம்'. 2020இல்தான் அவை காவல்துறையின் கையிலிருந்து குடியரசு அருங்காட்சியகத்துக்கு வந்தன. இப்போது அந்தச் சேகரிப்பின் பெயர் 'நமது புனிதம்'.

அட்லாண்டிக்கைக் கடந்த ஆப்பிரிக்கச் சமயங்களைப் பற்றிய ஆய்வுத்துறையும் இதே வழியில்தான் நடந்து வந்திருக்கிறது. அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டோர் சுமார் ஒரு கோடியே 25 லட்சம் பேர் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. உயிரோடு கரையேறியவர்களில் பிரேசிலுக்கு மட்டும் ஏறத்தாழ 48 லட்சம் பேர். இவர்கள் கொண்டுவந்த வழிபாடுகள் பிரேசிலில் கண்டோம்ப்ளேயாகவும், கியூபாவில் சான்டெரியாவாகவும், ஹைத்தியில் வூடூவாகவும் வேரூன்றின. இவற்றை முதலில் கூர்ந்து பார்த்தவர்கள் சமய அறிஞர்கள் அல்லர், குற்றவியல் படித்தவர்கள்.

பாஹியா மாநிலத்தின் சால்வடோர் நகரில் சட்டமருத்துவப் பேராசிரியராக இருந்த நீனா ரோட்ரிகெஸ் 1890களில் கண்டோம்ப்ளேயை ஆராய்ந்தார். கறுப்பினத்தவரைத் தாழ்ந்த இனமாகவே அவர் கருதினார். ஆனாலும் வழிபாட்டு இடங்கள்மீது போலீஸ் பாய்வதைக் கண்டித்தார். கியூபாவில் வழக்கறிஞர் ஃபெர்னாண்டோ ஓர்டிஸ் 1906இல் வெளியிட்ட நூலின் பொருளே 'கறுப்பு மந்திரவாதிகள்'. அதற்கு முன்னுரைக் கடிதம் தந்தவர் இத்தாலியக் குற்றவியலாளர் லொம்ப்ரோசோ. அதே ஓர்டிஸ் பின்னாளில் முற்றிலும் மாறினார். 1930களில் ஹவானாவில் புனித பாட்டா மேளங்களின் இசையைப் பொதுமேடையில் அரங்கேற்றியவர் அவரே. ஹைத்தியில் இந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்தவர் அந்நாட்டு அறிஞர் ழான் பிரைஸ்-மார்ஸ். அமெரிக்கப் படைகள் நாட்டை ஆக்கிரமித்திருந்த 1928இல், வூடூ ஒரு முழுமையான சமயம் என்று அவர் எழுதினார்.

அடுத்த கட்டம், ஆப்பிரிக்கா எவ்வளவு எஞ்சியது என்ற கணக்கு. அமெரிக்க மானிடவியலாளர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் 1941இல் வெளியிட்ட நூல், அடிமைத்தனம் ஆப்பிரிக்கப் பண்பாட்டை முற்றாகத் துடைத்துவிட்டது என்ற நம்பிக்கையைக் கட்டுக்கதை என்றது. கறுப்பினச் சமூகவியலாளர் ஃபிராங்ளின் ஃபிரேஸியர் இதை ஏற்கவில்லை. 1940களின் தொடக்கத்தில் இருவருமே சால்வடோரில் ஒரே கண்டோம்ப்ளே கோயிலைச் சுற்றிய குடும்பங்களிடம் பேசினார்கள். திருமணப் பதிவில்லாத இல்லறங்களைக் கண்டு, இது அடிமை வாழ்வும் வறுமையும் உண்டாக்கிய நிலை என்றார் ஃபிரேஸியர். ஆப்பிரிக்கப் பலதார மணத்தின் தொடர்ச்சி என்றார் ஹெர்ஸ்கோவிட்ஸ். முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு களத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இத்துறையில் இல்லை.

1970களில் மானிடவியலாளர்கள் சிட்னி மின்ட்ஸும் ரிச்சர்ட் பிரைஸும் கேள்வியையே மாற்றினார்கள். கப்பலில் வந்தவர்கள் வெவ்வேறு இனக்குழுவினர். அவர்கள் சேர்ந்து புதிய உறவுமுறைகளையும் புதிய சடங்குகளையும் உருவாக்கிக்கொண்டார்கள். பழைய பொருள்களைத் தேடுவதைவிட இந்த ஆக்கத்தைப் பார்ப்பதே முக்கியம் என்பது அவர்கள் வாதம். ஜேம்ஸ் ஸ்வீட், ஜான் தார்ன்டன் போன்ற வரலாற்றாசிரியர்கள் இதை மறுத்தார்கள். மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மொழி, ஒரே சடங்கு அறிந்த கூட்டங்களாகவே வந்தார்கள் என்பதற்கு அவர்கள் சான்று காட்டினார்கள்.

இரு தரப்பையும் சோதிக்க ஒரு நல்ல உதாரணம் மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் இடித் தெய்வமான ஷாங்கோ. கியூபாவில் இவர் கத்தோலிக்கப் புனிதை பார்பராவோடு இணைக்கப்பட்டார். பார்பராவைக் கொன்ற தந்தை மின்னல் தாக்கி இறந்தான் என்பது கிறிஸ்தவ மரபு. படத்தில் அவருக்குச் சிவப்பு அங்கி, கையில் வாள். ஷாங்கோவுக்கும் சிவப்பே உரிய நிறம். ஆண் தெய்வம் பெண் புனிதையோடு இணைவதில் பக்தர்களுக்குச் சிக்கல் எதுவும் இல்லை. பிரேசிலிலோ பார்பரா, ஷாங்கோவின் மனைவியும் புயல் தெய்வமுமான இயான்சா ஆனார். ஷாங்கோவுக்கு ஜெரோம் கிடைத்தார். ஹைத்தியில் பாம்புகளோடு நிற்கும் புனித பேட்ரிக்கின் படம் நாகத் தெய்வம் டன்பலாவுக்குப் போயிற்று. எஜமானரின் கண்ணை மறைக்க மட்டும் செய்த ஏற்பாடாக இதைச் சொல்லிவிட முடியாது. படத்தை உற்றுப் பார்த்து, தெய்வத்தின் குணம் அறிந்து, ஊருக்கு ஊர் தனித்தனியாகச் செய்த தேர்வு இது. டிரினிடாட்டில் தேர்வு இன்னும் விரிந்தது: ஒரிஷாக்கள் எனப்படும் யொரூபாத் தெய்வங்களை வழிபடும் சில இடங்களில், இந்தியக் கூலிகள் கொண்டுவந்த இந்துத் தெய்வங்களுக்கும் இடமுண்டு.

யார் இதையெல்லாம் தாங்கினார்கள்? அமெரிக்க மானிடவியலாளர் ரூத் லாண்டிஸ் 1938இல் சால்வடோர் வந்து, பின்னர் 1947இல் எழுதிய நூலில் இதற்குச் சொன்ன விடை, பெண்கள். அந்நகரின் பெரிய கோயில்களுக்குத் தலைவர்கள் பூசாரிணிகளே. தெருவோரத்தில் வெள்ளை உடையுடன் அமர்ந்து அகராஜே பொரித்து விற்றவர்களில் பலர் இக்கோயில்களில் தீட்சை பெற்றவர்கள். காராமணியைத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்து, செம்பனை எண்ணெயில் பொரித்தெடுக்கும் ஒருவகை வடை அது. இயான்சாவுக்கு உரிய படையலும் அதுவே. அந்த வருமானத்தில் சடங்குச் செலவும் நடந்தது.

கடல் தாண்டிய போக்குவரத்தும் நிற்கவில்லை. மார்ட்டினியானோ டோ போன்ஃபிம் என்ற கறுப்பினத்தவர் 1870களில் லாகோஸ் சென்று, சுமார் பத்தாண்டு தங்கிப் படித்துத் திரும்பினார். நீனா ரோட்ரிகெஸுக்கு உதவியவர் அவர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் லாண்டிஸுக்கும் தகவல் தந்தவர். மானிடவியலாளர் லொராண்ட் மேட்டரி 2005இல் வெளியிட்ட நூலில், பாஹியாவின் யொரூபாப் பெருமிதமே இத்தகைய பயணிகளால் லாகோஸும் சால்வடோரும் சேர்ந்து உருவாக்கியது என்று காட்டினார். ஆய்வாளர் 'தூய ஆப்பிரிக்கா' என்று பதிவு செய்ததை அவருக்குச் சொல்லித் தந்தவர், அதை ஆப்பிரிக்காவில் கற்று வந்த பிரேசில்காரர்.

பக்தர்களும் இப்போது தாமே எழுதுகிறார்கள், வழக்காடுகிறார்கள். 1983இல் சால்வடோரின் பூசாரிணி மாய் ஸ்டெல்லா, வேறு சில தலைவிகளுடன் சேர்ந்து, இயான்சா வேறு, பார்பரா வேறு என்று அறிக்கை விட்டார். கத்தோலிக்கக் கலப்பை விலக்கும் இந்தத் தூய்மைத் தேடலையே பியாட்ரிஸ் கோய்ஸ் டன்டாஸ் போன்ற ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தினார்கள். 2013இல் மாய் ஸ்டெல்லா பாஹியா இலக்கியக் கழகத்துக்குத் தேர்வானார். 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சான்டெரியா பலிச் சடங்கைக் குறிவைத்து ஃபுளோரிடாவின் ஹையலியா நகரம் போட்ட தடைகளை ஒருமனதாக ரத்து செய்தது. 2003இல் ஹைத்தி வூடூவைச் சமயமாக அங்கீகரித்தது. ஆனாலும் தாக்குதல் ஓயவில்லை. சால்வடோரின் பூசாரிணி மாய் ஜில்டாவின் படத்தை ஒரு மதப் பத்திரிகை அவதூறாக வெளியிட்டது. சில மாதங்களில், 2000 ஜனவரி 21 அன்று, அவர் இறந்தார். அந்த நாளே 2007 முதல் பிரேசிலில் சமயச் சகிப்பின்மைக்கு எதிரான தேசிய நாள்.

இச்சமயங்கள் தாமாகப் பிழைத்துக்கொள்ளவில்லை. அகராஜே விற்றவர்கள், கடல் கடந்து கற்று வந்தவர்கள், நீதிமன்றம் ஏறியவர்கள் பிழைக்க வைத்தார்கள். நூறாண்டு ஆய்வு அவர்களைத் 'தகவலாளிகள்' என்று அடிக்குறிப்பில் வைத்தது. இனி எழுதுபவர்கள் அவர்களை ஆசிரியர்களாக ஏற்றுத் தொடங்க வேண்டும்.