9.8 மதிப்பெண் கொடுத்தது யார்?

இந்தத் தடவை நான் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது கவிதையோ சிறுகதையோ இல்லை. 'ஃபாலோயர்ஸ் வாங்க நம்பகமான 7 தளங்கள்' என்பதுபோல் தலைப்பு வைத்து இணையத்தில் வருமே, அந்த வகைப் பரிந்துரைக் கட்டுரை. இதையெல்லாம் போய் விமர்சிக்கணுமா என்று நீங்கள் கேட்கலாம். போன ஆண்டு வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உயர்நிலை நான்கில் எனக்கு ஒரு மாணவி. அவளுடைய அம்மா தேக்கா பக்கம் பூக்கடை வைத்திருக்கிறார். 'சிறு வணிகர்களுக்குச் சமூக ஊடகம் எந்த அளவுக்கு உதவும்?' என்று நான் கொடுத்த தலைப்புக்கு, காசு கொடுத்துப் பின்தொடர்வோரைப் பெறலாம், நம்பகமான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று எழுதியிருந்தாள். ஆதாரமாக, 10க்கு 9.8 பெற்ற ஒரு நிறுவனத்தை ஒரு கட்டுரையிலிருந்து எடுத்துக் காட்டியிருந்தாள். எண் இருக்கிறது, ஒப்பீடு இருக்கிறது, மேற்கோள் இருக்கிறது. நான் சிவப்புப் பேனாவில் 'சான்று நன்று' என்று எழுதினேன்.

அவள் அதோடு நிற்கவில்லை. 49 வெள்ளி கட்டி, அம்மாவின் கடைப் பக்கத்துக்கு 2,000 பேரை வாங்கிவிட்டாள். அந்தத் தளம் கேட்டதும் இன்ஸ்டகிராம் கடவுச்சொல்லையும் கொடுத்திருக்கிறாள். மூன்று நாளில் எண்ணிக்கை ஏறியது, அம்மாவுக்குச் சந்தோஷம். பிறகு பக்கம் தானாகவே முன்பின் தெரியாத ஆட்களைப் பின்தொடர ஆரம்பித்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கணக்கு முடங்கிவிட்டது. மாலை ஆர்டர் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்தின் வழியாகத்தான் வரும். "டீச்சர், நீங்க சான்று நன்றுன்னு போட்டிருந்தீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவு அந்தக் கட்டுரையை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன்.

கருத்தறிதல் பகுதியில் நாம் பிள்ளைகளிடம் என்ன கேட்போம்? இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், என்ன நோக்கம்? இந்த மூன்று கேள்விக்கும் அந்தக் கட்டுரையில் விடையே இல்லை. எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் 'ஆசிரியர் குழு'. ஏழு நிறுவனங்களுக்கும் குறையாக ஒவ்வொரு வரி இருந்தது. ஆனால் குறை என்னவென்று பாருங்கள்: ஒன்றுக்கு 'விலை சற்றுக் கூடுதல்', இன்னொன்றுக்கு 'இணையப்பக்க வடிவமைப்பு பழையது'. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடம் என்ன குறை என்று கேட்டால் 'ரொம்ப உழைப்பாளி' என்பார்களே, அதே கதைதான்! ஒவ்வொரு பெயரின் கீழும் 'இங்கே வாங்குங்கள்' பொத்தான். அதை அழுத்தி நீங்கள் வாங்கினால் எழுதியவருக்குத் தரகு போகும். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அதையும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த 9.8ஐ எப்படிக் கணக்கிட்டார்கள்? எத்தனை பேரை வாங்கிச் சோதித்தார்கள், ஒரு மாதம் கழித்து எத்தனை பேர் மிச்சம்? ஒரு வரிகூட இல்லை.

'வாடிக்கையாளர்களே சாட்சி' என்று ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளும் இருந்தன. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. போலி ஆட்களையும் போலி விருப்பக்குறியையும் விற்பதே அந்த நிறுவனத்தின் தொழில். அப்படிப்பட்ட கடைக்கு ஆயிரம் பேர் நற்சான்று கொடுத்திருந்தால், அந்த ஆயிரமும் எந்தக் கிடங்கிலிருந்து வந்திருக்கும்? வேறு எந்தத் தொழிலிலும் வாடிக்கையாளர் கருத்துக்குக் கொஞ்சமாவது மதிப்பு உண்டு. இந்த ஒரு தொழிலில் அது பூஜ்யம்.

அடுத்து விளம்பரத்தின் சொற்கள். '100 விழுக்காடு உண்மையான பின்தொடர்வோர், 72 மணி நேரத்தில் 2,000 பேர், 30 நாள் ரீஃபில் உத்தரவாதம்.' இந்த மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். உண்மையான மனிதர் உங்கள் பக்கத்தைப் பின்தொடர்வதும் விடுவதும் அவர் இஷ்டம். அவர் இஷ்டத்தை நேரம் குறித்து, எண்ணிக்கை குறித்து இன்னொருவர் எப்படி விற்க முடியும்? எண்ணை உறுதியாகச் சொன்னால் ஆள் உண்மையில்லை. ஆள் உண்மையென்றால் எண்ணை உறுதியாகச் சொல்ல முடியாது. ரீஃபில் என்ற சொல் இன்னும் வெளிப்படையானது. வாங்கிய கணக்குகள் உதிரும் என்று விற்பவருக்கே தெரியும், உதிர்ந்தால் நிரப்பித் தருகிறேன் என்கிறார். என்னைக் கேட்டால் அந்த விளம்பரத்திலேயே நேர்மையான சொல் அதுதான்.

இன்ஸ்டகிராமோ ஃபேஸ்புக்கோ நேரடியாக விற்கும் விளம்பரத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே பணம் கட்டினால் உங்கள் பதிவை இத்தனை பேர் கண்ணில் படும்படி காட்டுவார்கள். பார்த்தவர் பின்தொடர்வாரா என்பதற்கு அவர்கள் வாக்குக் கொடுப்பதில்லை.

வெளியுலகில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், மாணவர்கள் தாராளமாகக் கட்டுரையில் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் டெவுமி என்றொரு நிறுவனம். 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதைப் பற்றி விரிவான புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. குறைந்தது 35 லட்சம் தானியங்கிக் கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப விற்று, வாடிக்கையாளர்களுக்கு 20 கோடிக்கு மேற்பட்ட பின்தொடர்வோரைக் கொடுத்திருந்தது. முகவரி மன்ஹாட்டன் என்று போட்டுக்கொண்டது. உண்மையில் அலுவலகம் இருந்தது ஃபுளோரிடாவில், ஓர் உணவகத்துக்கு மேல்மாடியில். சரக்கும் அதனுடையது இல்லை, மொத்த விற்பனையாளர்களிடம் மலிவாக வாங்கி விலை ஏற்றி விற்றது. நம் 'நம்பகமான 7 தளங்கள்' பட்டியலைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு பெயர்ப்பலகை இருக்கும், பின்னால் கிடங்கு ஒன்றாகவே இருக்கலாம்.

அந்தக் கட்டுரையில் என்னை உறுத்தியது வேறொன்று. அந்தப் போலிக் கணக்குகளில் குறைந்தது 55,000, உண்மையான மனிதர்களின் பெயரையோ படத்தையோ மற்ற விவரங்களையோ திருடி உண்டாக்கியவை. அவர்களில் ஒருத்தி மினசோட்டா மாநிலத்துப் பதின்ம வயதுப் பெண். நம் பிள்ளைகள் வயது. அவள் பெயரிலும் படத்திலும் இன்னொரு கணக்கு, அவளுக்குச் சம்பந்தமே இல்லாத அசிங்கமான விஷயங்களைப் பரப்பிக்கொண்டிருந்தது. '2,000 பேர் 49 வெள்ளி' என்ற மூட்டைக்குள் இப்படி யார் யார் முகமெல்லாம் இருக்குமோ. டெவுமி பிறகு மூடப்பட்டது. 2019ல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரும், அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையமும் நடவடிக்கை எடுத்தன. உரிமையாளர் மீது 25 லட்சம் டாலர் தீர்ப்பு வந்தது.

அப்போ சமூக ஊடக நிறுவனங்களே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடலாமா? 2019ல் நேட்டோவின் தகவல் தொடர்பு ஆய்வு மையம் ஒன்று சோதித்துப் பார்த்தது. 300 யூரோ செலவழித்து 3,530 கருத்துகள், 25,750 விருப்பக்குறிகள், 20,000 காணொளிப் பார்வைகள், 5,100 பின்தொடர்வோர் வாங்கினார்கள். நான்கு வாரம் ஆகியும் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருந்தன. சில கணக்குகளைப் புகார் செய்தும் பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்து அவற்றில் 95 விழுக்காடு உயிரோடு இருந்தன. 'ஒரு மாசமாச்சு, எதுவும் ஆகல, அப்போ நம்பகமானதுதான்' என்று மாணவர்கள் வாதாடினால் இதைச் சொல்லுங்கள். பிடிபடாமல் இருப்பது வேறு, நம்பகம் வேறு.

நம் ஊரில் சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016லேயே சமூக ஊடக விளம்பரங்களுக்கு வழிகாட்டி நெறிமுறைகள் வெளியிட்டுவிட்டது. போலிக் கணக்குகளாலும், காசு கொடுத்து வாங்கும் விருப்பக்குறிகளாலும் ஆதரவைப் பெருக்கிக் காட்டக்கூடாது என்கிறது அது. 2024ல் இங்குள்ள கார் பராமரிப்பு நிறுவனம் ஒன்று, வாடிக்கையாளர்கள் எழுதியதுபோல் பொய்யான ஐந்து நட்சத்திர விமர்சனங்களைப் பதிவிட்டதற்காக, போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தின் நடவடிக்கைக்கு உள்ளானது. ஆக, நம் மாணவியின் அம்மா ஏமாந்தவர் மட்டுமில்லை. 2,300 என்ற எண்ணைப் பார்த்து அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர் பக்கம் நின்று பார்த்தால், ஏமாற்றியவரும்கூட. இதை வகுப்பில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இன்னொரு பக்கத்தையும் உயர்நிலை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 'வீட்டிலிருந்தே வேலை, பதிவுகளுக்கு விருப்பக்குறி போட்டால் காசு' என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறதே, அதுவும் இதே சந்தையின் பேச்சுதான். முதலில் சில வெள்ளி உண்மையாகவே வரும். பிறகு முன்பணம் கட்டச் சொல்வார்கள், அதோடு சரி. 2023ல் மட்டும் சிங்கப்பூரில் வேலை மோசடிச் சம்பவங்கள் 9,914. பறிபோனது 135 மில்லியன் வெள்ளிக்கு மேல். சந்தேகம் வந்தால் 1799க்கு அழைத்துக் கேட்கலாம்.

வகுப்பில் செய்துபார்க்க ஒரு வேலை சொல்கிறேன். பெரிய எண்ணிக்கை காட்டும் ஏதாவது ஒரு வணிகப் பக்கத்தை எடுத்து, பின்தொடர்வோர் பட்டியலில் 50 பேரைப் பிள்ளைகளே திறந்து பார்க்கட்டும். படம் இல்லாதவர், ஒரு பதிவும் போடாதவர், 5,000 பேரைப் பின்தொடர்ந்து தன்னை ஏழே பேர் பின்தொடர்பவர் எத்தனை என்று எண்ணட்டும். கருத்துகளைப் படிக்கட்டும். மல்லிகைச் சரத்தின் படத்துக்குக் கீழே 'அருமையான உள்ளடக்கம் சகோ' என்று பத்துப் பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தால், அதைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துக் கருத்துச் சொல்லவும் இந்தப் பயிற்சி உதவும்.

அந்த மாணவி கட்டுரையைத் திருப்பி எழுதினாள். அந்தத் தளத்தின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் கீழே தான் கேட்டிருக்க வேண்டிய நான்கு கேள்விகளை எழுதியிருந்தாள். முதல் கட்டுரையை விட இது மொழியில் கொஞ்சம் முரடு, ஒற்றுப்பிழைகள்கூட இருந்தன. நான் மதிப்பெண் கூட்டிப் போட்டேன். அவள் அம்மா புதுக் கணக்குத் தொடங்கியிருக்கிறார். நான் கடைசியாகப் பார்த்தபோது 186 பேர், அதில் நானும் ஒருத்தி. போன வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தில் யாரோ 'அக்கா, கனகாம்பரம் வந்துச்சா?' என்று கேட்டிருந்தார்கள்.