வள்ளுவரின் இடுப்பைப் பாருங்கள்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் திருவள்ளுவர் சிலையைக் காலடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தச் சிலையைப் பார்க்க அதைவிட மோசமான இடம் கிடையாது. பாதம் பூதாகாரமாகவும் முகம் சிறுத்தும் தெரியும். படகில் போகும்போதே பாருங்கள். அல்லது 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில், விவேகானந்தர் பாறைப் பக்கமாக நின்று பாருங்கள். முகம் இருக்கட்டும், முதலில் இடுப்புக்கு வாருங்கள்.

வள்ளுவர் விறைப்பாக நிற்கவில்லை. வை. கணபதி ஸ்தபதி அவர் இடுப்பை ஒரு பக்கமாகச் சற்றே ஒசித்திருக்கிறார். 38 அடிப் பீடத்தின்மேல் 95 அடிக் கருங்கல், 2000 ஜனவரி 1 முதல் கடற்காற்றில் நிற்கிறது. அத்தனை கனமும் கல்லாகத் தெரியாமல் ஆளாகத் தெரிவதற்கு அந்தச் சின்ன ஒசிவுதான் காரணம்.

எப்படி என்று உங்கள் உடம்பிலேயே சோதிக்கலாம். படகுத்துறை வரிசையில் அதற்கு வேண்டிய நேரம் கிடைக்கும். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வையுங்கள். பாரத்தை ஒரு காலுக்கு மாற்றி, மற்ற முழங்காலைத் தளர விடுங்கள். பாரம் தாங்கும் பக்கம் இடுப்பு ஏறும், மறுபக்கம் இறங்கும். சாய்ந்த இடுப்பின்மேல் முதுகுத்தண்டு நேராக நின்றால் ஆள் விழுந்துவிடுவார். அதனால் அது எதிர்ப்பக்கம் வளைந்து தலையைப் பாதத்துக்கு நேர்மேலே கொண்டுவருகிறது. தோள்களும் எதிர்ச்சாய்வு கொள்ளும். முதுகெலும்பு ஒரே தண்டாக இல்லாமல், அசையக்கூடிய 24 முள்ளெலும்புகளின் அடுக்காக இருப்பதால்தான் இது நடக்கிறது. இப்போது ஒரு காலை முழுக்கத் தூக்கி, நிற்கும் காலின் பக்கவாட்டில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே தொட்டுப் பாருங்கள். சதை கல்லாக இறுகியிருக்கும். மறுபக்க இடுப்பு தொங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். நடக்கும்போது ஒவ்வோர் எட்டிலும் அது வேலை செய்கிறது.

இனி சிலையைப் பாருங்கள். உச்சந்தலையிலிருந்து மனத்தில் ஒரு தூக்குநூல் விடுங்கள். அது எந்தப் பாதத்தை நோக்கி இறங்குகிறது, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். நான் சொல்லிவிட்டால் ருசி போய்விடும்.

அடுத்து, உயர்ந்திருக்கும் வலது கை. அறம், பொருள், இன்பம் என்று மூன்று விரல்கள். நீங்களும் அப்படி விரல்களை உயர்த்தி, மறுகையால் முன்னங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரல் அசைய அசைய, முழங்கைக்குக் கீழே சதை புரளும். விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. நீண்ட நாண்கள்தான் மணிக்கட்டைத் தாண்டி விரல்களுக்குப் போகின்றன. விரல் மெலிந்து இருப்பது அதனால்தான். நம் 206 எலும்புகளில் 106 இரு கைகளிலும் இரு பாதங்களிலுமே இருக்கின்றன.

இங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலின் 18 அடி அனுமாரும் ஃபிளாரன்சில் மைக்கேலாஞ்சலோ 1504-இல் முடித்த தாவீதும் ஏறக்குறைய ஒரே உயரம். தாவீது நிற்பதும் ஒரு காலில் பாரம் போட்டுத்தான். ஆனால் மைக்கேலாஞ்சலோ பிணங்களை அறுத்துப் படித்தவர். தாவீதின் புறங்கையில் நரம்பு புடைத்திருப்பது தெரியும். நம் சிற்பிகள் நரம்பு, சதை இரண்டையும் தோலுக்கடியில் மறைத்துவிட்டார்கள். அது தெரியாமல் விட்ட குறை இல்லை. சிற்பநூலின் தாள அளவும் மூட்டின் இடமும் பிசகாமல் இருந்தால் போதும், மேற்பரப்பு வழவழவென்று இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அந்தக் கணக்குத்தான் பிடிக்கிறது. அனுமார் பல நாள் வெண்ணெய்க்காப்பில் இருப்பார். அவரிடம் தசையைத் தேட முடியாது. பிராகாரத்துப் பாவைவிளக்குகளுக்குப் போங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து விளக்கேந்துகிறாள் பாவை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கை நீட்டியும் பிறகு முழங்கையை ஒட்டியும் பிடித்துப் பார்த்தால் சிற்பி ஏன் அப்படிச் செதுக்கினான் என்பது புரியும். பாரம் தோள்மூட்டிலிருந்து விலக விலகத் தசைக்கு வேலை கூடுகிறது. இத்தனை நூற்றாண்டாக விளக்கேந்தியும் அவள் கை சோர்ந்ததாக நமக்குத் தோன்றவில்லை. சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றியாக வேண்டும் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கத் தோளும் காறையெலும்பும் சுற்றிலும் நிறைய நடமாடும்.

தசையின் வேலையைப் பார்க்கக் கல் உதவாது. அதற்கு விடியற்காலையில் கடற்கரைக்குப் போய்க் கரமடி வலை இழுப்பதைப் பாருங்கள். தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று மூட்டுக்கு மூட்டு எதிரெதிராக அமைந்திருப்பது அதனால்தான். வலை இழுப்பவரைப் பார்த்தால் கைதான் இழுக்கிறது என்று தோன்றும். கை பெரும்பாலும் நீட்டியபடியே கயிற்றுக்குக் கொக்கியாக இருக்கிறது. குதிகால் மணலில் புதைகிறது, தொடையின் முன்சதை முழங்காலை நீட்டுகிறது, உடல் பின்னால் சாய்கிறது. வலையைக் கரைக்குக் கொண்டுவருவது காலும் உடல் எடையும்தான். அனுபவசாலி யார், புதியவர் யார் என்பதை முழங்கையைப் பார்த்தே சொல்லிவிடலாம்: புதியவர் முழங்கையை மடக்கி இழுத்துச் சீக்கிரம் களைத்துப்போவார்.

இந்த மாவட்டத்தின் வர்ம ஆசான்களுக்கு இந்த உடம்பு வேறொரு வரைபடம்: உயிர்நிலைப் புள்ளிகளில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அது குருவிடம் பயில வேண்டியது. படித்துவிட்டு யார் கழுத்திலும் விரல் வைத்துப் பார்க்காதீர்கள்.

வெயில் ஏறினால் கருங்கல்லில் நிழல் செத்துவிடும். வள்ளுவரை முதல் படகிலும் பாவைகளைச் சாயங்காலமும் பாருங்கள். கரமடி மட்டும் மீன் வரவைப் பொறுத்தது; முந்தின நாளே கரையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.