இலண்டனில் இத்தாலியம்! தமிழகத்தில்?

காதுக்கு விருந்து, கருத்துக்குப் பட்டினி! இப்படியும் ஒரு விருந்து உண்டோ என்று வினவுவீர்கள். உண்டு, தோழர்களே, உண்டு! அந்த விருந்திலே அமர்ந்து தலையாட்டிய நாடுகள் இரண்டு. ஒன்று ஆங்கில நாடு. மற்றொன்று, சொல்லவும் வேண்டுமோ, நம் நாடு!

இலண்டன் மாநகரம். 1711-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள். ஹேமார்க்கெட் வீதியிலே அரசியாரின் பெயர் தாங்கிய நாடக மன்றம். மெழுகுவத்தி ஒளியிலே சீமான்களும் சீமாட்டிகளும் வீற்றிருக்கின்றனர். ‘ரினால்டோ’ என்னும் இசைநாடகம் அரங்கேறுகிறது. இசை அமைத்தவர் செருமனியிலே பிறந்த ஹேண்டல். தலைமைப் பாடகர் இத்தாலி நாட்டு நிக்கோலினி. பாடப்படும் மொழி இத்தாலியம். கேட்பவரோ ஆங்கிலேயர்!

ஷேக்ஸ்பியர் மறைந்து நூறாண்டுகூட நிறையவில்லை. அந்தப் பெரும் புலவனின் மொழி, தன் சொந்த ஊர் மேடையின் வாயிலிலே ஏதிலியாக நின்றது. உள்ளே கைதட்டல்! எதற்கு? குரலுக்கு, பகட்டான உடைக்கு, மேடையிலே பறக்கவிடப்பட்ட உயிருள்ள குருவிகளுக்கு! பாட்டின் பொருளுக்கு அல்ல. பொருள் வேண்டியவர், மொழிபெயர்ப்பு அச்சிட்ட சிறு நூலை விலைகொடுத்து வாங்கி, மங்கிய வெளிச்சத்திலே புரட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்!

இந்த நிலை ஒரே நாளில் வந்ததன்று. 1705-இல் ‘அர்சினோ’ என்ற நாடகம் இத்தாலிய முறையில் இசையமைத்து, ஆங்கிலச் சொற்களாலேயே பாடப்பட்டது. 1706-இல் ‘கமில்லா’ என்ற இத்தாலிய நாடகம் மொழிபெயர்த்து ஆடப்பட்டது. பின்னர் இத்தாலியப் பாடகர் வந்தனர். அவர்கள் தம் மொழியில் பாட, உடன் நடித்தோர் ஆங்கிலத்தில் விடை கூறினர்! 1710-இல், பேருக்குச் சிறிது ஆங்கிலம் தவிர, நாடகமே இத்தாலியமாகிவிட்டது. முதலில் மெட்டு வந்தது. பிறகு பாடகர் வந்தனர். அதன்பின் மொழி வந்து அமர்ந்தது. வீட்டுக்காரன் திண்ணைக்குப் போனான்!

கேட்டவன் ஒருவன்

இதைக் கண்டு நகைத்தவர் ஜோசப் அடிசன். 1711 மார்ச்சுத் திங்களில் தம் ‘ஸ்பெக்டேட்டர்’ ஏட்டிலே சாடினார். பாதி புரிந்த நாடகத்தைக் கேட்டுச் சிந்திக்கும் தொல்லையும் வேண்டாமென்று, முழுவதுமே புரியாதபடி செய்துகொண்டார்கள் நம்மவர் என்று தம் மக்களை எள்ளி நகையாடினார்.

அடிசனுக்கும் ஒரு பழைய புண் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1707-இல் அவரே ஆங்கிலத்தில் ‘ரோசமண்ட்’ என்றோர் இசைநாடகம் எழுதினார். அது படுதோல்வி! சொல் ஆங்கிலம்தான், ஆனால் இசை சோரம் போயிற்று. தாய்மொழி என்னும் சீட்டைக் காட்டிவிட்டால் மட்டும் மக்கள் மனக்கதவு திறந்துவிடாது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் நமக்கே தேவைப்படும்.

சீமான்கள் ஓயவில்லை. 1719-இல் அரசரின் ஆண்டுக் கொடை ஆயிரம் பவுனோடு இசைக் கழகம் அமைத்தனர். இத்தாலியிலிருந்து புகழ்பெற்ற பாடகரைப் பெரும்பொருள் கொடுத்து வரவழைத்தனர். அப்பாடகர் பலரின் குரல் எப்படிப்பட்டது தெரியுமா? சிறுவர்களாக இருக்கையிலேயே ஆண்மை நீக்கப்பட்டு, அதனால் உடையாமல் காக்கப்பட்ட குரல்! நிக்கோலினியும் அத்தகையவரே. மாதர் திருக்கோயிலில் வாய் திறந்து பாடலாகாது என்று மதம் விதித்தது. அந்த இடத்தை நிரப்பச் சிறுவரின் உடல் பலியாயிற்று. பாட்டின் பொருளைக் கேட்காத செவி, பாடியவனின் வேதனையையும் கேட்கவில்லை. நமக்கு இது புதிய செய்தியா? கலை வளர்க்கிறோம் என்று கூறிப் பெண்களுக்குப் பொட்டுக்கட்டிய நாடல்லவா இது! மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் முத்துலட்சுமி அம்மையாரும் போராடிய பிறகு, 1947-இல்தானே சட்டம் அந்தக் கொடுமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது!

திருடர்கள் பாடினார்கள்

ஏட்டிலே எழுதிய ஏளனம் இத்தாலியத்தை அசைக்கவில்லை. அசைத்தது வேறொன்று.

1728 ஜனவரி 29. ஜான் கே எழுதிய ‘பிச்சைக்காரனின் இசைநாடகம்’ மேடையேறியது. அதிலே அரசரில்லை, தேவரில்லை, மாயமில்லை. திருடரும், திருட்டுப் பொருள் வாங்கி விற்பவனும், சிறைக் காவலனுமே மாந்தர். தெருவிலே மக்கள் முணுமுணுத்த 69 மெட்டுகளில் புதுச் சொற்களைப் பூட்டினார் கே. வழிப்பறி செய்பவனுக்கும் ஆட்சிபீடத்தில் அமர்ந்து சுரண்டுபவனுக்கும் என்ன வேறுபாடு என்று பாட்டிலேயே கேட்டார். அன்றைய தலைமை அமைச்சர் வால்போலின் முகம் சிவந்தது. மக்கள் முகம் மலர்ந்தது. முதற் பருவத்திலேயே 62 முறை ஆடப்பட்டது! அதே ஆண்டில் சீமான்களின் இசைக் கழகம் கதவடைத்தது.

அதற்குக் கடன்சுமையும் பாடகர் பூசலும் காரணங்களே. இத்தாலியப் பாட்டும் அன்றோடு மாண்டுவிடவில்லை. 1734-இல் பாரினெல்லி வந்தபோது சீமான்கள் மீண்டும் திரண்டனர். ஆனால் மக்கள் சுவை எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டவருள் ஒருவர் ஹேண்டலே! 1741-க்குப் பின் அவர் புதிய இத்தாலிய நாடகம் எதையும் மேடையேற்றவில்லை. 1742-இல் டப்ளின் நகரில் அரங்கேறிய ‘மெசையா’ ஆங்கிலத்தில் அமைந்தது. இன்றும் பாமரர்வரை அவர் பெயரைச் சுமந்து நிற்பது அதுவே.

இன்னொன்றும் நடந்தது. கேயின் அடுத்த நாடகமாகிய ‘பாலி’ தடை செய்யப்பட்டது. 1737-இல் நாடகங்களை அடக்கத் தனிச்சட்டமே வந்தது. புரியாத மொழியிலே பாடியவருக்குப் பொற்கிழி. புரியும் மொழியிலே பேசியவருக்குப் பூட்டு! இந்தப் பூட்டையும் நாம் அறிவோம். 1876-இல் வெள்ளையன் நாடகச் சட்டம் கொணர்ந்தான். 1954-இல் நம்மவர் ஆட்சியே எம்.ஆர்.இராதாவின் நாடகங்களைக் கண்டு அஞ்சி, சென்னை மாநிலத்தில் புதுச்சட்டம் இயற்றியது. அச்சத்தைவிடச் சிறந்த நற்சான்று மக்கள் கலைக்கு வேறு ஏது?

இனி நம் வீடு

‘ரினால்டோ’ இலண்டனில் முழங்கிய அதே 1711-இல் தமிழகத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அவர்தாம் பின்னாளில் இராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயர். அவருக்கு முன் முத்துத்தாண்டவர். அவர் காலத்தில் மாரிமுத்தாப் பிள்ளை. மூவரும் தமிழிலே கீர்த்தனை பாடினர். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, ஆடலாசிரியன், இசையாசிரியன், அரங்கின் அளவு ஆகியவற்றையெல்லாம் அரங்கேற்று காதையிலே வகுத்துக் காட்டிய சிலம்பு நம்மிடம் இருந்தது. தமிழுக்கு இசை இல்லாமையால் பிறமொழி வந்தது என்பார் கூற்று இங்கேயே பொடியாகிறது.

பின் எப்படி வந்தது? அரண்மனை வழியே வந்தது! தஞ்சையை நாயக்கர் ஆண்டனர். பின்னர் மராத்தியர் ஆண்டனர். அவையிலே தெலுங்குக்கும் வடமொழிக்கும் ஏற்றம். அந்தச் சூழலில் தோன்றிய தியாகராசரும் தீட்சிதரும் சியாமா சாத்திரியும் பாடிய பாடல்களே பிற்காலக் கச்சேரி மேடையின் மூச்சாயின. அவர்களது இசைப் புலமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஹேண்டலின் புலமையையும் குறைக்கவில்லை. தெலுங்கும் நமக்குப் பகையன்று. திராவிடக் குடும்பத்து உடன்பிறப்பு. தமிழ்நாட்டு நெசவாளர் தெருக்களிலே அதை வீட்டுமொழியாகப் பேசும் தோழர் எத்தனையோ பேர்! நமது வினா ஒன்றே: தமிழர் காசு கொடுத்துக் கேட்கும் தமிழ்நாட்டு மேடையிலே, தமிழ் ஏன் கச்சேரி முடியும் வேளையில் வீசப்படும் ‘துக்கடா’வாக இருந்தது?

இந்த வினாவிலிருந்து எழுந்ததே தமிழிசைக் கிளர்ச்சி. 1917-இல் ஆபிரகாம் பண்டிதர் ‘கருணாமிர்த சாகரம்’ தந்து அடித்தளமிட்டார். 1941-இல் அண்ணாமலை அரசர் சிதம்பரத்தில் மாநாடு கூட்டினார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. எதிர்ப்பும் தோன்றியது! 1941-இன் இறுதியில் சென்னை மியூசிக் அகாதெமி தீர்மானமே நிறைவேற்றியது: மொழிப் பேச்சைக் கொணர்ந்து இசையின் தரத்தைத் தாழ்த்தலாகாதாம்! 1946-இல் திருவையாற்று விழாவிலே தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாட, மேடை தீட்டாகிவிட்டது என்று முணுமுணுத்தனராம் வைதீகர். அதைச் சாடி, அந்நாள் இளைஞர் மு. கருணாநிதி ‘குடி அரசு’ ஏட்டிலே ‘தீட்டாயிடுத்து’ என்று தலைப்பிட்டுத் தீட்டினார்.

‘இசைக்கு மொழி தேவையில்லை’ என்றனர் மேதைகள். நன்று! தேவையில்லையென்றால், தமிழில் பாடினால் மட்டும் தரம் எப்படித் தாழும்? மொழி எதுவானாலும் ஒன்றே என்பவர், எதுவானாலும் ஒன்றே என்று தமிழையும் பாடியிருக்கலாமே! அவர்கள் கட்டிக் காத்தது இசையையன்று. மேடையின் மீது தமக்கிருந்த பட்டாவை!

அயலது எல்லாம் ஆகாது என்பதும் நம் கட்சியன்று. கச்சேரியிலே பாடகரின் பக்கத்தில் இழையும் பிடில் எங்கே பிறந்தது? கிரெமோனா முதலிய வட இத்தாலிய நகரங்களின் பட்டறைகளிலே உருப்பெற்றது! ஐரோப்பியரிடமிருந்து அதைக் கற்றுப் பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலுவும் நம் இசைக்கு இணக்கினர். இத்தாலியக் கருவி தமிழனின் நாதத்தைப் பேசிற்று. கருவியை வாங்குவது அறிவுடைமை. நாவை அடகு வைப்பது அடிமைத்தனம்!

தறியிலே பாவும் வேண்டும், ஊடையும் வேண்டும். இசை பாவு என்றால் மொழி ஊடை. ஊடையின்றிப் பாவை மட்டும் விரித்துக் காட்டி, ‘சேலை பாரீர்’ என்றால் எங்கள் ஊர் நெசவாளி சிரிப்பான். மேடையிலே மட்டும் அதை நம்பினோம். ஏன்? பொருள் புரியாமல் தலையாட்டும் பயிற்சியைக் கோயிலிலே பெற்றோம், மணவறையிலே பெற்றோம். புரோகிதன் சொன்னதற்குப் பொருள் கேட்காதவன், பாகவதர் பாடியதற்கா கேட்பான்? மணவறையிலே நாம் பொருள் கேட்டோம். சுயமரியாதைத் திருமணம் பிறந்தது. 1967-இல் அண்ணாவின் ஆட்சி அதைச் சட்டமாக்கியது. மேடையிலே கேட்ட கேள்வி அதன் உடன்பிறப்பே.

பாதி வெற்றி

கேட்டோம், வென்றோமா? பாதி வென்றோம்! இன்று தமிழ்ப் பாடல் கச்சேரியின் நடுவிலும் ஒலிக்கிறது. ஆனால் ஒலிப்பது எது? அதே பக்தி, அதே புராணம், அதே திருவடிப் புகழ்! தமிழில் பாடினால் மட்டும் போதுமா, என்ன பாடுகிறோம் என்பது வேண்டாவா என்று அன்றே பெரியார் இடித்துரைத்தார். ‘ரோசமண்ட்’ கற்பித்த பாடம் இங்கே நினைவுக்கு வரட்டும். மொழி வாயில், உள்ளே வீடு இருக்க வேண்டும்.

வீடு கட்டியவர் நம்மிடையே உண்டு. பாரதிதாசன் பாடினார். உடுமலை நாராயணகவியும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் திரையிலே உழைப்பவனின் வாழ்வைப் பாட்டாக்கினர். ஆனால் அவை தெருவில் பாடத் தக்கவை, அவைக்கு ஆகா என்ற வரம்பு மறையவில்லை. 2023-இல் வைக்கம் போராட்டத்தின் நூற்றாண்டையொட்டி, பெரியாரைப் பற்றிப் பெருமாள்முருகன் எழுதிய பாடலை டி.எம்.கிருஷ்ணா கருநாடக இசையில் பாடினார். மறு ஆண்டில் மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அறிவித்ததும், பெரியாரைப் புகழ்பவர் தலைமையிலா என்று இசைவாணர் சிலர் விழாவிலிருந்தே விலகினர். 1946-இல் தமிழ் தீட்டு. 2024-இல் பெரியார் தீட்டு! மொழிக்குத் திறந்த கதவு கருத்துக்கு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

திறப்பது எப்படி? தேசூரிலிருந்து ஆரணி, செய்யாறு, வந்தவாசி என எப்பக்கம் சென்றாலும் கூத்து நடக்கும் ஊர்கள் உண்டு. மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் விடியவிடிய முழங்கும். பாட்டு தமிழ்; பேச்சு தமிழ். கட்டியங்காரன் அரசனையே மடக்கிக் கேள்வி கேட்பான். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். சபாக்களில் தமிழ் துக்கடாவாகக் கிடந்த காலத்திலும் இந்த மண்ணிலே அது அரசு வீற்றிருந்தது! கதை பாரதம்தான், அதில் நமக்குக் குறை உண்டு. எனினும் புரிந்துகொண்டு கேட்கும் கூட்டம் அங்கே இருக்கிறது. அதுவே பெருஞ்செல்வம்.

கேயின் திருடர் நாடகம் இருநூறு ஆண்டு கழித்து, 1928-இல் பெர்லினில் பிரெக்டின் கையில் ‘மூன்று காசு இசைநாடக’மாக மறுபிறப்பெடுத்தது. அதே பிரெக்டின் வேறொரு நாடகக் கதையைச் செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைக் கூத்தர்கள் தமிழ்க் கூத்தாக்கி ஆடியிருக்கின்றனர். இலண்டன் தெருமெட்டில் தொடங்கிய வழி நம் ஊர்க் களரிவரை வந்து சேர்ந்துவிட்டது!

ஆதலின் இளைஞர்களே, மேடையைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன மொழி? என்ன பொருள்? யாருக்காக? விடை வராத மேடைக்குக் கைதட்ட மறுங்கள். விடை சொல்லும் மேடையை நீங்களே கட்டுங்கள். மெட்டு மக்களிடம் இருக்கிறது. மொழி நாவிலே இருக்கிறது. பாட வேண்டிய வாழ்வோ தறியடியிலும் வயலிலும் காத்துக் கிடக்கிறது!